அரசு கை கொடுக்கட்டும், யாருக்கு என்பதுதான் கேள்வி

கேள்வி: திருப்பூரில் சொந்தமாகச் சில மெஷின்கள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். 2020 ஊரடங்கின்போது அரசு லட்சம் கோடிக் கணக்கில் உதவி அறிவித்தது. எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. பொருளாதாரம் சரியும்போது அரசு தலையிடத்தான் வேண்டுமா? சந்தை தானாகச் சரியாகிவிடாதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தலையிடத்தான் வேண்டும். சந்தை ஒருநாள் சரியாகலாம். அதுவரை தாக்குப்பிடிக்க உங்களைப் போன்றவர்களிடம் கையிருப்பு ஏது? 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. கூலி கிடைக்காதவர் பனியன் வாங்க மாட்டார். பனியன் விற்காத கடைக்காரர் ஆர்டர் தரமாட்டார். ஆர்டர் வராவிட்டால் நீங்கள் டெய்லரை நிறுத்துவீர்கள். அவரவர் செலவைச் சுருக்குவது அவரவருக்கு நியாயம். எல்லோரும் ஒரே நேரத்தில் சுருக்கினால் ஊரே படுத்துவிடும். அந்த நேரத்தில் துணிந்து செலவழிக்க அரசால் மட்டுமே முடியும்.

ஆனால் பணம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2019 செப்டம்பரில், மந்தத்தைப் போக்க, நிறுவன வரியை மத்திய அரசு 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. வாங்க ஆளில்லாதபோது எந்த முதலாளி புதிதாக ஆலை கட்டுவார்? அது தவறான வைத்தியம் என்றே நான் கருதுகிறேன். மறு ஆண்டு நூறு நாள் வேலைத் திட்டத்துக்குக் கூடுதலாக ஒதுக்கிய 40,000 கோடி அதைவிடச் சிறிய தொகை. 2020–21இல் 11 கோடிப் பேருக்கு மேல் அத்திட்டத்தில் வேலை செய்தார்கள். அந்தக் கூலி மளிகைக்கும் மருந்துக்கும் உடனே செலவானது.

உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2020 மே மாதம் வந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், பிப்ரவரி 29 அன்று வங்கியில் இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. பத்து லட்சம் பாக்கி வைத்திருந்தவருக்கு இரண்டு லட்சம். புதிதாக அடமானம் கேட்கவில்லை, முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டியதில்லை, கடன் திரும்பாவிட்டால் அரசு பொறுப்பு. கரண்ட் பில், ஷெட் வாடகை, பாக்கிக் கூலி என்று அந்த இரண்டு லட்சம் பல யூனிட்டுகளைக் காப்பாற்றியது. ஆனால் ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தால்தான் உதவி. வங்கி வாசலையே மிதிக்காமல் வட்டிக்கு வாங்கித் தொழில் செய்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. திட்டத்தின் பெரிய ஓட்டை அது.

கஜானாவின் நிலை தெரியாமல் உதவினாலும் ஆபத்துதான். இலங்கை 2019 டிசம்பரில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. பிறகு கோவிட் வந்து சுற்றுலாவும் படுத்தது. அரசு பணத்தை அச்சடித்துச் சமாளித்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அந்தச் செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தைத் தொட்டது.

அடுத்த நெருக்கடியிலும் உதவி பதிவேட்டில் உள்ளவர்களுக்கே முதலில் போகும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை நீங்கள் இன்னும் செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது.