பாலைப் பறவைகள் பார்க்க: அமிர்தியா, ரண்ணா, ஜெய்சல்மேரா?

கணியம்பாடி பக்கம் பைனாகுலரும் கையுமாகச் சுற்றத் தொடங்கியவர்களுக்குச் சீக்கிரமே ஓர் ஆசை வரும்: பாலைவனத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். காசும் விடுப்பும் அளவாகத்தான் இருக்கும் என்பதால், போகுமுன் மூன்று இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அமிர்தியும் ஜவ்வாது மலை அடிவாரமும்

பாலைவனம் இல்லை, முள்காடும் கரடும்தான். ஆனால் வறண்ட நிலத்துப் பறவைகளைப் பழக இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. கௌதாரி, பனங்காடை, பச்சைப் பஞ்சுருட்டான், மஞ்சள் மூக்கு ஆள்காட்டி எல்லாவற்றையும் காலை உலாவிலேயே பார்க்கலாம். அமிர்தி உயிரியல் பூங்காவில் கூண்டில் இருப்பவை கணக்கில் சேரா. சுற்றியுள்ள மரங்களில் இருப்பவையே நம் பட்டியலுக்கு. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

கட்ச் சிறிய ரண், குஜராத்

1973இல் காட்டுக்கழுதைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, ஏறக்குறைய 4,950 சதுர கி.மீ. உப்புவெளி. 2024 கணக்கெடுப்பில் 7,672 காட்டுக்கழுதைகள் பதிவாகின. எனவே ஏமாந்து திரும்ப வாய்ப்பு குறைவு. குளிர்காலத்தில் பூநாரைகளும் வடக்கிலிருந்து வலசை வரும் பெருங்கொக்குகளும் போனஸ். சென்னையிலிருந்து நவஜீவன் விரைவு ரயிலில் அகமதாபாத். அங்கிருந்து சாலை வழியே தசாடா அல்லது ஜைனாபாத். மழைக்காலத்தில் ரண் நீரில் மூழ்கிவிடும், அப்போது போகவேண்டாம்.

பாலைவனத் தேசியப் பூங்கா, ஜெய்சல்மேர்

பரப்பு 3,162 சதுர கி.மீ. பெயரில் தேசியப் பூங்கா, சட்டப்படி சரணாலயம். உள்ளே ஊர்களும் மேய்ச்சலும் உண்டு. இங்கே எல்லோரும் தேடி வருவது கானமயிலை. ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். பெட்டை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். நேரே எதிரில் இருப்பது இதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கனத்த உடம்பால் சட்டென விலகவும் முடியாது. அதனால் மின்கம்பிகளில் மோதிச் சாகிறது. இன்று எஞ்சியவை 150 அளவில்தான். அவற்றில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில். சாம் பகுதியில் இனப்பெருக்க மையமும் இயங்குகிறது. ஒரு காலத்தில் கோவைப் பக்கமும் இருந்த பறவை இது. கானமயில் தென்படாவிட்டாலும் சிங்காரா மான், பாலைவன நரி, பாறுக் கழுகுகள் இருக்கின்றன. ஆனால் பயணம் நீளம், செலவும் கூடுதல்; குளிர்கால விடியலில் கம்பளிச் சட்டை இல்லாமல் நிற்க முடியாது.

எதைத் தேர்வது?

புதிதாகத் தொடங்குபவருக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகிறவருக்கும் அமிர்தி. ஒரே ஒரு வெளியூர்ப் பயணத்துக்குத்தான் வழி இருக்கிறது என்றால் சிறிய ரண். கொடுத்த காசுக்குக் காட்சி உறுதி. ஜெய்சல்மேர், கானமயிலைப் பார்க்காமல் திரும்பினாலும் மனம் நோகாதவர்களுக்கு. தென்பட்டாலும் வண்டியைப் பாதையை விட்டு இறக்கி அருகே ஓட்டச் சொல்லாதீர்கள்; விரட்டப்பட்ட பறவை கூட்டைக் கைவிடலாம்.

மூன்றுக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். எங்கே போவதானாலும் அதற்குமுன் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்து, உங்கள் ஊர் ஏரியையும் கரட்டையும் ஒருமுறை எண்ணிப் பதிவு செய்யுங்கள்.