சக்கரம் எழும்பினால் பறந்ததாகாது

அன்புள்ள நிலாவுக்கு,

பயிருக்கு மருந்தடிக்கும் விமானம் டேக்-ஆஃபிலேயே ஏன் விழுகிறது, எஞ்சின் நின்றுவிடுகிறதா என்று கேட்டிருந்தாய். நிற்பதும் உண்டுதான். ஆனால் எஞ்சின் முழுமூச்சாக ஓடும்போதே விழுகிறதே, அதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும்.

1921 ஆகஸ்ட் 3 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ட்ராய் என்ற ஊருக்கருகே இந்தத் தொழில் தொடங்கியது. மரங்களை மொட்டையடித்த புழுக்களின் மேல் ஜான் மக்ரெடி என்ற ராணுவ விமானி நச்சுத்தூளைத் தூவினார். அன்று ஏற்றியது சொற்பம். இன்றைய ஏர் டிராக்டர் 802 விமானத்தின் தொட்டி ஏறக்குறைய 3,000 லிட்டர் கொள்ளும். காலி விமானத்தின் எடையும் கிட்டத்தட்ட 3 டன்தான். தன் எடை அளவுக்குச் சுமையைத் தூக்கிக்கொண்டு, பெரும்பாலும் வயலோரத்து மண் ஓடுபாதையிலிருந்து அது கிளம்ப வேண்டும்.

காற்று அடங்கிய விடியலில் முதல் நடை சுலபமாக எழும்பிவிடும். வெயில் ஏற ஏறத்தான் வம்பு. 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருந்ததைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. இறக்கைக்குத் தாங்கல் குறைகிறது, எஞ்சினின் பலமும் இறங்குகிறது. அதே தொட்டி, அதே பாதை. ஆனால் பாதை போதவில்லை. பல விமானிகளுக்கு ஏக்கர் கணக்கில்தான் கூலி. தொட்டியைக் குறைத்து நிரப்பினால் நடை கூடும், வருமானம் குறையும். பழியை விமானி தலையில் மட்டும் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. தரையை ஒட்டிப் பறக்கும்போது இறக்கையைப் பின்னால் இழுக்கும் காற்றின் விசை குறையும். அதனால் மேலேறப் போதாத வேகத்திலேயே சக்கரம் தரையை விட்டுவிடும். இறக்கையின் நுனிக்கு நுனி நீளத்தில் பாதி உயரம் போவதற்குள் அந்தச் சலுகையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எதிரே மின்கம்பி. பதறிப்போய்க் கட்டுப்பாட்டுத் தடியைப் பின்னுக்கு இழுத்தால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்து ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

தப்பிக்க வழி கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது: தொட்டியின் அடிக்கதவைத் திறக்கும் பிடி. இழுத்தால் சில நொடிகளில் சுமை கொட்டிவிடும். மூக்கு விருட்டென்று எழும்; தடியை முன்னால் தள்ளி அடக்க வேண்டும். விலையுயர்ந்த மருந்தாயிற்றே என்று ஒரு நொடி தயங்கினாலும் போச்சு. ஆகவே முடிவை முன்கூட்டியே எடுத்துவிடு. பாதையின் பாதிக்குள் எழும்பும் வேகத்தில் 70 விழுக்காடாவது வராவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது சிறுவிமானம் ஓட்டுவோரின் கணக்கு.

அதையும் மீறி விழுந்தால்? ஃபிரெட் வீக் என்ற பொறியாளர் அதை யோசித்தார். 1950-இல் டெக்சஸில் அவர் வடிவமைத்த ஏஜி-1 விமானத்தில் எஞ்சினும் தொட்டியும் முன்னால், விமானி பின்னால், உயரத்தில். மோதினால் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஏர் டிராக்டரும் இன்றுவரை அதே வரிசையில்தான் கட்டப்படுகிறது.

அன்புடன்,
மாமா