ஜாமீன் இல்லாதவன்

கடைக்குப் புதிதாக ஒருவர் வந்து கடன் கேட்டால், "உங்களுக்கு ஜாமீன் யார்?" என்று நாம் கேட்கிறோம். அது வியாபார முறை, அதில் குற்றமில்லை. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவனிடம் ஒரு தேசமே இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? இரண்டாம் உலக யுத்தத்தில் நடுநிலை வகித்த சுவிட்சர்லாந்தின் சரித்திரத்தைப் பார்ப்போம்.

யுத்தம் செய்யும் நாட்டின் படையை நடுநிலை நாடு ஏற்றுக்கொண்டால், போர்க்களத்திற்குத் தூரமாகத் தங்கவைத்து, உணவும் உடையும் தரவேண்டும். செலவைச் சமாதானம் ஆனபின் பெற்றுக்கொள்ளலாம் என்பது 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை. 1940 ஜூனில் 40,000-க்கும் அதிகமான பிரெஞ்சு, போலந்துச் சிப்பாய்கள் சுவிட்சர்லாந்தில் இவ்விதம் ஏற்கப்பட்டார்கள். சிப்பாய்க்குச் சட்டம் ஜாமீனாக நின்றது.

யூதக் குடும்பங்களுக்கு அப்படி யாருமில்லை. 1941 நவம்பரில், வெளிநாடு சென்றுவிட்ட யூதர்களின் குடியுரிமையை ஜெர்மனி பறித்தது. 1942 ஆகஸ்டில் சுவிஸ் அரசாங்கம், இனத்தின் காரணமாக மட்டும் ஓடி வருபவர் அரசியல் அகதி ஆகார் என்று எல்லையை அடைத்தது. சுற்றிலும் யுத்தம், உள்ளே உணவுப் பங்கீடு. மந்திரி வான் ஸ்டைகர், ஆள் நிறைந்த சிறு உயிர்காப்புப் படகுக்குத் தம் தேசத்தை ஒப்பிட்டார். பல்லாயிரம் பேர் ஏற்கப்பட்டதும் உண்மையே. ஆனால் 20,000-க்கும் அதிகமானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று அந்நாடே நியமித்த பெர்ஜியர் குழு 2002-இல் அறிவித்தது.

இதற்கு முன்பே, 1938 ஆகஸ்டில், ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூதர்களுக்கும் எல்லை மூடப்பட்டது. அப்போது செயின்ட் காலன் மாகாணப் போலீஸ் தலைவர் பால் குரூனிங்கர், வந்தவர்களின் பதிவில் முன்தேதியிட்டு, தடைக்கு முன்பே வந்தவர்களாகக் காட்டினார். 1939-இல் வேலை போயிற்று; 1940-இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. 1972-இல் வறுமையில் இறந்தார். அத்தீர்ப்பு ரத்தானது 1995-இல்தான்.

பேரேட்டில் தேதியை மாற்றுவது மோசடி என்பது நமக்குத் தெரியும். மோசடி செய்பவன் லாபத்தைத் தான் வைத்துக்கொண்டு நஷ்டத்தைப் பிறர் தலையில் கட்டுவான். இவரோ உயிரைப் பிறருக்குக் கொடுத்து நஷ்டத்தைத் தாம் ஏற்றார். ஜாமீன் நிற்பது என்றால் இதுவன்றோ!

உயிருக்கு ஆபத்துள்ள இடத்திற்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்று 1951-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை விதித்தது. அதை ஏற்ற நாடுகளில் அகதிக்கும் சட்டம் ஜாமீனாயிற்று.

சகோதரர்களே! கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுக்க நம்மால் ஆகாது. ஆயினும், வாசலில் நிற்பவன் கேட்பது சரக்கா, உயிரா என்று முதலில் பார்க்கக் கற்றுக்கொள்வோம். சரக்குக்கு ஜாமீன் கேட்கலாம், உயிருக்குக் கேட்கலாகாது.