எக்செல்லில் ஒரு வாத்துக் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டு கேட்டாயிற்று, சீட்டு விளையாடியாயிற்று, கல்யாண போட்டோக்களை ஏற்றியாயிற்று. அடுத்து என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் எக்செல்லைத்தான் காட்டுவேன். ஆனால் பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று தொடங்கினால் இரண்டே நாளில் அலுத்துவிடும். பிடித்த விஷயத்தில் தொடங்க வேண்டும். எனக்குப் பிடித்தது வாத்து.

சிரிக்காதீர்கள். பறவை பார்ப்பவர்களிடம் 'லைஃப் லிஸ்ட்' என்று ஒன்று இருக்கும். வாழ்நாளில் எந்தெந்தப் பறவையை, முதன்முதலில் எப்போது, எங்கே பார்த்தோம் என்ற பட்டியல் அது. எல்லாப் பறவைக்கும் போட்டால் பெரிதாகிவிடும். வாத்து, பெருவாத்து, அன்னம் என்ற ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக் கொண்டால் புதிதாகக் கற்பவருக்குச் சரியான அளவு. உலகம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் 170 வகைதான். நம்மூர் ஏரிகளில் பார்க்கக் கூடியவை அதில் சிறு பங்கு.

என் வீடு ஏற்காடு மலையில், வாழவந்தியில். வார நாட்களில் பெங்களூருவில் சாஃப்ட்வேர் வேலை, வார இறுதியில் மலை. சுற்றிலும் காபியும் மிளகும்தான். ஏற்காடு ஏரியில் படகுகள் நீந்துகின்றன, காட்டு வாத்து எதையும் நான் அங்கே பார்த்ததில்லை. அதனால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மலையடிவாரத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போவேன். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை வந்து சேரும் ஏரி அது. கறுப்பு அலகில் மஞ்சள் முனையும் அடியில் இரண்டு சிவப்புப் பொட்டும் தெரிந்தால் அது புள்ளி மூக்கு வாத்து. என் பட்டியலின் முதல் வரி அதுதான்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மாமா இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். போன வருடம்தான் லேப்டாப் வாங்கினார். காபித் தோட்டக்காரர்கள் எல்லோரையும் போல இவரும் தினமும் மழை அளவை டைரியில் எழுதுகிறவர். அதே டைரியின் ஓரத்தில், ஏரிப் பக்கம் போன நாட்களில் பார்த்த வாத்துகளையும் 1980-களிலிருந்து குறித்து வந்திருக்கிறார். "ஏன் தம்பி, நான் மொத்தம் எத்தனை வகை பார்த்திருப்பேன்? கம்ப்யூட்டர்ல போட்டா தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் மாமா. ஆனா டைரியில இருக்கிறதை ஒண்ணு விடாம அடிக்கணும்."

"முதல் தடவை பார்த்ததை மட்டும் போட்டாப் போதாதா? பன்னிரண்டு பதிமூணு வரிதானே வரும்!"

இந்தக் கேள்விதான் இந்தப் பாடத்தின் மையம். வாழ்நாள் பட்டியலை நீங்கள் டைப் செய்யக் கூடாது. நீங்கள் டைப் செய்ய வேண்டியது பார்த்த ஒவ்வொரு தடவையையும். பட்டியலைக் கம்ப்யூட்டர் தயாரித்துக் கொள்ளும். எங்கள் தொழிலில் டேட்டா பேஸ் வடிவமைக்கும் போதும் இதே விதிதான்: நடந்ததை அப்படியே பதிவு செய், சுருக்கத்தைக் கணக்கிட்டு எடு. சுருக்கத்தை மட்டும் சேமித்தால் அதிலிருந்து நடந்ததைத் திரும்பப் பெற முடியாது.

சரி, எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் ஏ1-லிருந்து வரிசையாக இந்தத் தலைப்புகளை அடியுங்கள்: தேதி, இடம், பெயர், எண்ணிக்கை, உறுதி, குறிப்பு. பிறகு தலைப்பு வரிசையில் ஏதாவது ஒரு செல்லில் கர்சரை வைத்து, கண்ட்ரோல் விசையை அழுத்திக் கொண்டு டி-யைத் தட்டுங்கள். 'மை டேபிள் ஹாஸ் ஹெட்டர்ஸ்' என்பதில் டிக் இருக்கட்டும். ஓகே கொடுத்தால் இது ஒரு டேபிளாக மாறிவிடும். இனி நீங்கள் கீழே எத்தனை வரி சேர்த்தாலும் டேபிள் தானாக நீண்டு கொள்ளும்.

தேதியில் கவனம் தேவை. கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக் கொள்வதில்லை, ஒரு எண்ணாக வைத்துக் கொள்கிறது. 1900 ஜனவரி 1 என்றால் 1, மறுநாள் 2, அப்படியே எண்ணிக் கொண்டு வரும். நீங்கள் அடிக்கும் 03/12/2023 என்பதை டிசம்பர் 3 என்று எடுத்துக் கொள்வதா, மார்ச் 12 என்று எடுத்துக் கொள்வதா என்பதை விண்டோஸின் ரீஜன் செட்டிங் முடிவு செய்கிறது. புதுக் கம்ப்யூட்டர் பலவற்றில் அது அமெரிக்காவாக இருக்கும். அப்படியானால் மாதம் முதலில், நாள் அடுத்து. இதில் ஆபத்து என்னவென்றால், வலசை வாத்துகள் மார்ச்சிலும் நம் ஏரிகளில் இருக்கும். அதனால் தவறு கண்ணில் படாது. ஜனவரி 7 ஜூலை 1 ஆக மாறினாலாவது 'ஜூலையில் ஊசிவால் வாத்து எப்படி?' என்று சந்தேகம் வரும்.

கண்ட்ரோல் பேனலில் ரீஜன் போய் 'இங்கிலீஷ் இந்தியா' என்று மாற்றிக் கொள்ளுங்கள். பிறகு தேதி காலத்தை முழுவதும் செலக்ட் செய்து, கண்ட்ரோலுடன் 1 தட்டி, நம்பர் டேபில் 'டேட்' பிரிவில் மாதத்தின் பெயர் எழுத்தில் வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் எழுத்தில் தெரிந்தால் தவறு அப்போதே தெரிந்துவிடும். ஆண்டை நான்கு இலக்கத்தில் அடியுங்கள். அடித்த தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் எக்செல் அதைத் தேதியாகப் புரிந்து கொண்டது என்று அர்த்தம். இடப்பக்கம் ஒட்டினால் அதை வெறும் எழுத்தாக நினைக்கிறது.

அடுத்து பெயர். நீங்கள் ஒருநாள் 'நீலச்சிறகி' என்றும் இன்னொரு நாள் இடைவெளி விட்டு 'நீலச் சிறகி' என்றும் அடித்தால் எக்செல்லுக்கு அவை இரண்டு பறவை. தட்டைவாயனைச் சிலர் ஆண்டி வாத்து என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் வாத்தையே தாரா என்பார்கள். ஆகவே பெயரை அடிக்காமல் பட்டியலிலிருந்து எடுப்பதே நல்லது. கீழே இன்னொரு ஷீட் திறந்து 'பெயர்கள்' என்று பெயரிடுங்கள். ஏ காலத்தில் தமிழ்ப் பெயர், பி-யில் ஆங்கிலப் பெயர், சி-யில் அறிவியல் பெயர், டி-யில் பிரிவு. புள்ளி மூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, குள்ளத் தாரா, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை, நாமத்தலை வாத்து, செண்டு வாத்து, பட்டைத்தலை வாத்து. இந்தப் பத்தில் தொடங்கலாம். யூனிகோடில் அடியுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பைல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத்தான் தெரியும்.

இப்போது முதல் ஷீட்டில் பெயர் காலத்தைச் செலக்ட் செய்து, டேட்டா டேபில் 'டேட்டா வாலிடேஷன்' கிளிக் செய்யுங்கள். 'அலோ' என்ற இடத்தில் 'லிஸ்ட்' தேர்ந்தெடுத்து, 'சோர்ஸ்' பெட்டியில் கர்சரை வைத்து, பெயர்கள் ஷீட்டில் தமிழ்ப் பெயர்கள் உள்ள செல்களை மவுஸால் இழுத்துக் காட்டி ஓகே கொடுங்கள். இனி செல்லின் ஓரத்தில் சிறு அம்புக்குறி வரும். கிளிக் செய்து எடுத்துக் கொள்ளலாம். பட்டியலில் இல்லாததை அடித்தால் எக்செல் மறுத்துவிடும்.

பிரிவு எதற்கு என்று கேட்கலாம். தமிழில் டக், கூஸ் இரண்டையும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் குழப்பம் உண்டு. குள்ளத் தாராவின் ஆங்கிலப் பெயரில் 'கூஸ்' இருக்கிறது, ஆனால் அது உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிதான வாத்து, அவ்வளவுதான். உண்மையான பெருவாத்து பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் போங்கள். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு, மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வந்த பட்டைத்தலை வாத்துகள் அங்கே இருக்கும். அன்னம் என்ற பிரிவு என் பைலில் காலியாகவே இருக்கிறது. நம் இலக்கியத்தில் நிறைந்திருக்கும் பறவை, நம் ஏரிகளில் இல்லை. நாட்டின் வடமேற்கில் எப்போதாவது வழிதவறி வருவதோடு சரி. காலியாக இருந்தாலும் பிரிவை அழிக்கவில்லை.

'உறுதி' காலத்தில் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் போடுங்கள். வலசை வந்த புதிதில் ஆண் வாத்துகளும் பெண்ணைப் போல் மங்கலான இறகோடு இருக்கும். நீலச்சிறகியின் பெண்ணையும் கிளுவையின் பெண்ணையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். பச்சைத் தலை வாத்து கூட்டமாகத் தெரிந்தாலும் அவசரப்படாதீர்கள். அறுவடை முடிந்த வயலில் மேய்க்க ஓட்டி வரும் வளர்ப்பு வாத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகமானதை விட்டுவிடாமல் 'இல்லை' போட்டு எழுதி வையுங்கள்.

மாமா மூன்று வாரம் டைப் செய்தார். 412 வரி. இனிதான் வேடிக்கை. டேபிளுக்குள் கர்சரை வைத்து 'இன்சர்ட்' டேபில் 'பிவட் டேபிள்' கிளிக் செய்து ஓகே கொடுங்கள். புது ஷீட்டின் வலப்பக்கம் உங்கள் தலைப்புகள் வரும். 'பெயர்' என்பதை இழுத்து 'ரோஸ்' பெட்டியில் விடுங்கள். 'உறுதி' என்பதை 'ஃபில்டர்ஸ்' பெட்டியில் விட்டு, மேலே 'ஆம்' மட்டும் தேர்ந்தெடுங்கள். 'தேதி' என்பதை 'வேல்யூஸ்' பெட்டியில் இரண்டு முறை இழுத்து விடுங்கள். முதலாவதைக் கிளிக் செய்து 'வேல்யூ ஃபீல்ட் செட்டிங்ஸ்' போய் 'மின்' தேர்ந்தெடுங்கள். அங்கேயே 'நம்பர் ஃபார்மட்' பட்டனில் தேதி வடிவம் கொடுங்கள், இல்லாவிட்டால் 30682 என்பது போல் ஏதோ எண் வரும். இரண்டாவதற்கு 'மேக்ஸ்'. முதலில் பார்த்த நாள், கடைசியாகப் பார்த்த நாள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். எங்காவது 1900 ஜனவரி என்று வந்தால் அந்தப் பறவையின் தேதி எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது, போய்த் திருத்துங்கள். புதிய வரிகள் சேர்த்த பிறகு பிவட்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'ரிஃப்ரெஷ்' கொடுக்க வேண்டும்.

மாமாவின் பட்டியலில் 13 வகை. அவர் பார்த்தது எண்ணிக்கையை அல்ல, இரண்டாவது காலத்தை. செண்டு வாத்துக்கு எதிரே முதல் நாள் 1983, கடைசி நாள் 1994. ஆணின் அலகின் மேல் செண்டு வைத்தது போல் புடைத்திருக்கும் பெரிய வாத்து அது. "அதுக்கப்புறம் பார்க்கவே இல்லையா நான்?" என்று டைரிகளைத் திரும்பப் புரட்டினார். முதல் தடவையை மட்டும் அடித்திருந்தால் 1983 என்ற ஒரே தேதிதான் இருந்திருக்கும். அது போய்விட்டது என்பதே தெரிந்திருக்காது.

ஆனால் உண்மையில் போய்விட்டதா, அல்லது மாமா அந்த ஏரிக்குப் போகவில்லையா? இதற்குப் பதில் சொல்ல, வாத்தே பார்க்காத நாட்களும் பதிவாகியிருக்க வேண்டும். மாமாவுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. மழை டைரியில் மழை இல்லாத நாளுக்கு 0 எழுதுகிறவர் அவர். எழுதாமல் விட்டால் மழை இல்லையா, அளக்கவில்லையா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே பெயர்கள் ஷீட்டின் கடைசியில் 'எதுவும் இல்லை' என்று ஒரு வரி சேர்த்துக் கொள்ளுங்கள், அது சோர்ஸுக்குள் வர வேண்டும். வெறும் கையோடு திரும்பிய நாளிலும் தேதி, இடம், 'எதுவும் இல்லை', எண்ணிக்கை 0 என்று ஒரு வரி போடுங்கள். உறுதி காலத்தைக் காலியாக விட்டால் பிவட்டில் அது தலைகாட்டாது.

இளஞ்சிவப்புத் தலை வாத்து என்று ஒன்று கங்கைச் சமவெளியிலும் அஸ்ஸாம் சதுப்புகளிலும் இருந்தது. உறுதியான பதிவுகள் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியோடு நின்றுவிட்டன. அது எங்கே, எந்த மாதத்தில் இருந்தது என்பதற்கு வேட்டைக்காரர்களின் குறிப்பேடுகளும், மியூசியத்தில் பாடம் செய்து வைத்த பறவைகளின் காலில் கட்டிய சீட்டுகளும்தான் இன்று ஆதாரம். சுட்ட நாளை எழுதினார்கள். போய்ப் பார்த்துக் கிடைக்காமல் திரும்பிய நாளை யார் எழுதினார்கள்?

இன்டர்நெட் இருப்பவர்கள் இபேர்ட் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கியது, இலவசம். ஒவ்வொரு பட்டியலின் முடிவிலும், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று கேட்கும். ஆம் என்றால், பதியாதவை உங்கள் கண்ணில் படவில்லை என்று எடுத்துக் கொள்ளும். நம் 0 வரியின் வேலையைத்தான் அந்த ஒரு கேள்வி செய்கிறது. பழைய பதிவுகளையும் ஏற்றலாம். அதற்கு சிஎஸ்வி பைலாக மாற்றும்போது 'சேவ் அஸ்' பட்டியலில் 'யுடிஎஃப்-8' என்று சேர்த்திருக்கும் சிஎஸ்வியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வி என்றால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். எக்செல் பைலை அழிக்காமல் தனியே வைத்திருங்கள்.

இடம் காலத்தை ஏன் விடக் கூடாது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பறவையியலாளர்கள் அவ்வப்போது ஒரு வகையை இரண்டாகப் பிரிப்பார்கள். புள்ளி மூக்கு வாத்தை அப்படித்தான் இந்திய வகை, கிழக்கு வகை என்று பிரித்தார்கள். சேலத்தில் பார்த்தது என்று எழுதியிருந்தால் எது என்பதில் சந்தேகமே இல்லை. அறிவியல் பெயரும் மாறும். தட்டைவாயனும் நீலச்சிறகியும் 'அனாஸ்' என்ற பேரினத்திலிருந்து 'ஸ்பாட்டுலா'வுக்குப் போய்விட்டன. உங்கள் பைலில் பெயர்கள் ஷீட்டில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், 412 வரியையும் தொட வேண்டாம்.

பைலை வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுங்கள், பைல் பெயரிலேயே தேதியைச் சேர்த்து. பிரின்ட் எடுப்பவர்கள் 'பேஜ் லேஅவுட்' டேபில் 'பிரின்ட் டைட்டில்ஸ்' போய், 'ரோஸ் டு ரிப்பீட் அட் டாப்' பெட்டியில் முதல் வரிசையைக் காட்டிவிட்டால் தலைப்புகள் எல்லாப் பக்கத்திலும் வரும்.