வாத்தியம் இல்லாத வித்வான்

நம்ம மலைக்கோயில் நாதஸ்வரக் கோஷ்டியில் நாலைந்து பேர்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வாசித்து விடுவார்கள். நூறு பேர் வாசித்தால்? தாளம் சிதறிடுமே! அதனால்தான் மேல்நாட்டு இசைக்குழுவின் முன்னால் கையில் குச்சியோடு ஒருவர் நிற்கிறார். அவர்தான் கண்டக்டர் (பஸ் கண்டக்டர் இல்லீங்க!).

ஓபரா என்னும் பாட்டு நாடகத்தில் இன்னும் கஷ்டம். பாடுகிறவர்கள் மேடையில், வாசிக்கிறவர்கள் கீழே பள்ளத்தில். இரண்டு பக்கமும் அவர் கையைத்தான் பார்க்கணும்.

இதில் உலகப் புகழ் பெற்றவர் சுபின் மேத்தா. 1936-ல் மும்பையில் பிறந்தவர். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் வித்வான். டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1954-ல் வியன்னா போய் இதைக் கற்றார். லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், இஸ்ரேல் குழுக்களையும் மியூனிக் ஓபராவையும் நடத்தினார்.

சுனாமி வந்து ஒரு வருஷம் ஆன அன்று, 2005 டிசம்பர் 26-ல், மியூனிக் குழுவைச் சென்னை மியூசிக் அகாடமிக்கே கூட்டி வந்து, இறந்தவர்கள் நினைவாக வாசிக்க வைத்தார். அப்போ நான் பிறக்கவே இல்லை.