வெள்ளிக்கிழமை வர்த்தமானி

உயர்தரப் பெறுபேறு வந்த வாரங்களில் பசறை டவுனுக்கு இறங்கினால் தேத்தண்ணிக் கடையிலேயே பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "சேர், சர்வதேச உறவுகள் படிச்சா யாரு வேலை குடுப்பாங்க?" முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளனாகவும் களப்பணியாளனாகவும் பல தொண்டு நிறுவனங்களில் ஓடியவன் நான். கடைசிக் காலத்தில் நேர்முகம் எடுக்கும் பக்கத்திலும் உட்கார்ந்தேன். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே இலக்கம் போட்டு எழுதிவைக்கிறேன்.

1. கொழும்பு ஏழுக்காரர்களின் பாடம் என்று ஒதுங்காதீர்கள்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களைக் கேட்டு எழுதிய கணக்கல்ல அது. சின்னப் பையனாக நான் பதுளை ஸ்டேஷனில் நின்று பெரியம்மா குடும்பத்தை அனுப்பிவைத்தேன். ஒரு தகரப் பெட்டி, அதற்குள் அம்மா கட்டிக்கொடுத்த இரண்டு றாத்தல் தேயிலை. அந்த ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. இரண்டு நாட்டு உறவு என்றால் என்ன என்பதை எனக்கு முதலில் படிப்பித்தது அந்தப் பிளாட்போம்தான்.

இன்றும் அப்படித்தான். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகவே அடைப்பதற்கு 2021 டிசம்பரில் உடன்பாடு கண்டார்கள். மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்புவது என்று பேச்சு. மடுவத்தில் தராசில் ஏறும் கொழுந்துக்கும் தெஹ்ரானுக்கும் இடையில் எத்தனை பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நாற்காலிகளைத்தான் நீங்கள் தேடப் போகிறீர்கள்.

2. வெளிநாட்டுச் சேவை ஒரு வாசல். அது ஒன்றுதான் வாசல் என்று நினைக்காதீர்கள்.

'டிப்ளோமட்' ஆக வேண்டும் என்று வருகிற பிள்ளைக்கு அதற்கான பாதை தெரியாது. இலங்கை வெளிநாட்டுச் சேவைக்குத் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் ஆள் எடுக்கிறார்கள். பட்டம் வேண்டும், வயதெல்லை உண்டு. தமிழ் மொழிமூலமும் எழுதலாம். அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வரும். வர்த்தமானி வெளியாவது வெள்ளிக்கிழமை. இணையத்தில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. பரீட்சை வருடா வருடம் நடக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். எடுக்கும் ஆட்களும் கொஞ்சம் பேர்தான். எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருந்தே முப்பது வயதைத் தொட்டுவிடாதீர்கள்.

3. வேலை தருபவர்களைப் பக்கத்திலிருந்து தூரத்துக்கு எண்ணுங்கள்.

முதல் வட்டம் தோட்டமே. ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ், ஃபெயார்ட்ரேட் போன்ற சான்றிதழ்கள் இல்லாவிட்டால் சில வெளிநாட்டு வியாபாரிகள் தேயிலையைத் தொடமாட்டார்கள். அதற்காகப் பதிவேடு பார்க்கவும் தொழிலாளியிடம் தமிழில் பேசி விசாரிக்கவும் ஆள் வேண்டும். ஆடைத் தொழிற்சாலைகளிலும் இதே கதை. 2010இல் நின்று 2017 மே மாதம் திரும்பக் கிடைத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் சலுகை, 27 சர்வதேச சமவாயங்களோடு கட்டப்பட்டது. தொழிலாளர் உரிமைச் சமவாயங்களும் அதற்குள் வரும். அவற்றை வாசித்து விளங்கியவருக்கு முதலாளி தானாகக் கிடைப்பார்.

இரண்டாம் வட்டம் பதுளையும் கண்டியும். மலையகத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் ஆகியவை இதில் சேரும்.

மூன்றாம் வட்டம் கொழும்பு. வெளிவிவகார அமைச்சை விட்டால் வர்த்தகத் திணைக்களம், ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, தேயிலைச் சபை, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்று வரிசை நீளும். தூதரகங்களும் உள்ளூர் ஆட்களை எடுக்கும். கொழும்புத் திட்டத்தின் செயலகம் கொழும்பிலேயே இருக்கிறது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில். நம் நாட்டிலேயே தலைமையகம் வைத்திருப்பவர்களை விட்டுவிட்டு ஜெனீவாவைப் பார்த்து ஏங்குவதில் என்ன நியாயம்?

நான்காவது வட்டம்தான் வெளிநாடு: காத்மண்டுவில் சார்க், டாக்காவில் பிம்ஸ்டெக், அப்புறம் நியூயோர்க், ஜெனீவா. முதல் மூன்று வட்டத்தில் நடந்தவருக்கே நான்காவதின் கதவு சுலபமாகத் திறக்கும்.

4. ஐ.நா.வின் ஏணியைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

யூ.என். வேலை என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் பல படிகள் உண்டு. அலுவலக உதவி, நிர்வாகப் பணிகளுக்கு 'ஜி' தரம். அந்தந்த நாட்டவர் மட்டுமே விண்ணப்பிக்கக்கூடிய உத்தியோகத்தர் பதவிகளுக்கு 'என்ஓ' தரம். உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பும் தொழில்வாண்மைப் பதவிகளுக்கு 'பி' தரம். நம்மவர்கள் நேரே 'பி' தரத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று நொந்துபோவார்கள். 'ஜி', 'என்ஓ' தரங்களையும் ஐ.நா. தொண்டர் திட்டத்தையும் முதலில் பாருங்கள். இளம் தொழில்வாண்மையாளர் பரீட்சை ஒன்றும் உண்டு. 32 வயதைத் தாண்டியிருக்கக்கூடாது, அந்த வருடப் பட்டியலில் நம் நாடு இருக்க வேண்டும்.

5. பட்டத்தோடு ஒரு தொழிலையும் கையில் எடுங்கள்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பட்டமாகவே படிக்கலாம். அங்கே இடம் கிடைக்காதவர்களுக்கு பண்டாரநாயக்க சர்வதேச ஆய்வு மையத்திலும், இராஜதந்திரப் பயிற்சி நிறுவனத்திலும் டிப்ளோமா உண்டு. இந்தியாவில் படிக்க நேரு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி பெயர்களில் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. ஆனால் 'உறவுகள்' மட்டும் தெரிந்தவரைவிட, சட்டமோ கணக்கோ விவசாயமோ சேர்த்துத் தெரிந்தவரை நிறுவனங்கள் சீக்கிரம் எடுக்கும்.

லக்ஷ்மன் கதிர்காமரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டி திரித்துவக் கல்லூரி, பேராதனை, ஒக்ஸ்போர்ட் என்று படித்து வழக்கறிஞரானவர். சட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஜெனீவாவில் சர்வதேச தொழில் அமைப்புக்கும் பிறகு உலக அறிவுசார் சொத்து நிறுவனத்துக்கும் போனார். வெளிவிவகார அமைச்சரானது 1994இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு. நமக்கு இன்னும் கிட்டத்திலும் வழி இருக்கிறது. பதுளை போகும் பஸ்ஸில் தினமும் கண்ணில் படுகிற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். தேயிலை படித்த பிள்ளை வர்த்தக உடன்படிக்கையும் வாசிக்கப் பழகினால், அவரோடு போட்டிபோட ஆள் கொஞ்சம்.

6. மூன்று மொழியும் முழுசாக வேண்டும்.

வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம் என்று நமக்கு இரண்டு மொழி சும்மா கிடைத்திருக்கிறது. பேச வருகிறது என்பதோடு நின்றுவிடாமல் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதுமளவுக்குப் போங்கள். ஆங்கிலத்துக்குத் தினம் ஒரு செய்தியை வாசித்து நான்கு வரியில் சுருக்கி எழுதுங்கள். பிறகு பிரெஞ்சோ அரபோ ஒன்று.

அரபு ஏன் என்று கேட்பீர்கள். ஒருமுறை வளைகுடாவிலிருந்து நம் தோட்டத்துப் பெண் ஒருவரின் அழைப்பு வந்தது. எசமான் வீட்டிலிருந்து தப்பி வந்து ஒரு கந்தோரில் நிற்கிறார். அவர் பேசுவது அங்கிருப்பவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசுவது இவருக்குப் புரியவில்லை. போனில் நான் தமிழைச் சிங்களமாக்க, அந்தப் பக்கத்தில் இன்னொருவர் சிங்களத்தை அரபாக்கினார். நாற்பது நிமிடத்தில் அவருடைய பெயரையும் ஊரையும்தான் எழுதி முடித்தோம். இரண்டு பேர் சுற்றிச் சுற்றிச் செய்த அந்த வேலையை ஒரு பிள்ளை தனியாகச் செய்திருக்கலாம்.

7. பெயரையும் விலாசத்தையும் இப்போதே திருத்துங்கள்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் மூன்றாவது. நம் பிள்ளைகளில் பலருக்கு இதுதான் நிலை. நியமனக் கடிதம் கையில் வந்த பிறகு திருத்த ஓடினால் அந்த வேலை காத்திருக்காது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் இந்த மாதமே கேளுங்கள்.

விலாசம் அதைவிட மோசம். லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாததால் கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். எனக்கு வந்த முதல் நேர்முகக் கடிதம் கந்தோர் மேசையில் ஒன்பது நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து இரண்டு நாள். அன்றிலிருந்து டவுனில் தெரிந்த ஒரு கடையின் விலாசத்தையே கொடுத்தேன். உங்களுக்கு மின்னஞ்சல் இருக்கிறது. சொந்தப் பெயரில் ஒன்றைத் திறந்து தினமும் பாருங்கள்.

8. விண்ணப்பத்தில் ஆசையை எழுதாதீர்கள், செய்ததை எழுதுங்கள்.

'சமூக சேவையில் மிகுந்த ஆர்வமுடையவன்' என்று முதல் வரியில் எழுதாத விண்ணப்பம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரு பிள்ளை மட்டும் வேறுமாதிரி எழுதியிருந்தாள்: 'மண்சரிவு எச்சரிக்கை வந்த வாரத்தில் மூன்று லயத்தில் முப்பத்தாறு குடும்பத்தின் பெயர், வயது, நோய் விவரம் எடுத்துத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்தேன்.' மேசையில் இருந்த நான்கு பேரும் ஒன்றும் பேசாமல் அவளைத் தெரிவுசெய்தோம். 2014இல் மண்சரிவில் மீரியபெத்த தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போன மாவட்டத்தில் அந்த ஒரு வரிக்கு எவ்வளவு கனம் என்பது எங்களுக்குத் தெரியும்.

9. காசு கேட்டால் எழுந்து வாருங்கள்.

விண்ணப்பத்துக்கோ நேர்முகத்துக்கோ பயிற்சிக்கோ ஐ.நா. எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. யூ.என்.னில் வேலை எடுத்துத் தருகிறேன் என்று எவராவது கட்டணம் கேட்டால் அது மோசடி. தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டி ஏமாந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

உண்மையான வேலைக்கும் ஆயுள் குறைவு. திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துவைக்காதவர் அடுத்த திட்டம் வரும்வரை கடனில் இருப்பார். நானும் இரண்டு தடவை இருந்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பெரியம்மா போன கணக்கை எழுதிய மேசையில் எங்கள் மொழி தெரிந்த ஒரு குமாஸ்தாவாவது இருந்தாரா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. அடுத்த மேசையில் இருப்பதற்கு உங்களில் ஒருவர் வேண்டும். நாள் குறித்துத் தருகிறேன்: வருகிற வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் திறந்து பாருங்கள். ஒன்றுமில்லாவிட்டால் அதற்கடுத்த வெள்ளியும் பாருங்கள்.