கம்பில் அடிச்சாம்பல் நோய்: எதிர்ப்புச் சக்தியைக் கண்டறிவது எப்படி?

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் காட்டில் கம்பு தொன்றுதொட்டு மானாவாரியாகப் பயிராகி வருகிறது. சிவகாசிப் பக்கத்தில் வீட்டில் சிலர் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குச் செல்ல, மற்றவர்கள் நிலத்தைக் கவனிப்பது வழக்கம். ஒரு பருவ மழையை நம்பி விதைக்கும் இவர்களுக்குக் கதிர் கெட்டால் அந்த ஆண்டுக்கான தானியமே போய்விடும்.

நோயின் அடையாளம்

இலைகள் வெளுத்து மஞ்சளாகும். அதிகாலையில் இலையின் அடிப்பக்கத்தில் வெண்மையான பூசணம் தெரியும். கதிரில் மணிக்குப் பதிலாகச் சிறு இலைகள் கொத்தாகத் தோன்றும். இதனைப் பச்சைக்கதிர் என்றும் கூறுவர். காய்ந்த இலைகளோடு மண்ணில் விழும் பூசண வித்துகள் பல ஆண்டுகள் உயிரோடிருந்து அடுத்து வரும் கம்பைத் தாக்கும்.

1971 தந்த பாடம்

1965ஆம் ஆண்டில் எச்.பி. 1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு வெளிவந்தது. அடுத்து வந்த எச்.பி. 3 உள்ளிட்ட ஒட்டுகளுக்கும் ஒரே தாய்வழிதான். விளைச்சல் பெருகியது. ஆனால் 1971இல் அடிச்சாம்பல் நோய் எச்.பி. 3 பயிரைப் பரவலாக அழித்தது. சரவெடியில் ஒரு வெடி பற்றினால் சரம் முழுவதும் வெடிப்பதைப் போல, ஒரே வழி வந்த பயிர் முழுவதும் ஒன்றாக வீழ்ந்தது.

எதிர்ப்பைத் தேடும் முறை

ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தில் நோயை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். நோய் எளிதில் பிடிக்கும் ரகத்தை முதலில் வரிசையாக விதைத்து, நோய் பரவிய பின் இடைவரிசைகளில் சோதனை ரகங்களை விதைப்பார்கள். அங்கே நோயின்றித் தேறுவதே எதிர்ப்புச் சக்தியுள்ள கம்பு. கம்பின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவின் நாட்டுக் கம்புகளிலிருந்து நல்ல எதிர்ப்புச் சக்தி கிடைத்தது.

இவ்வாறு தேறிய கம்பை நோய்க்கு ஆளாகும் கம்போடு ஒட்டுச் சேர்த்து, வழித்தோன்றல்களை ஆராய்ந்தால், எதிர்ப்பு மரபணு இருக்கும் இடம் புலப்படும். அதன் அருகிலுள்ள அடையாளக் குறிகளைக் கொண்டு, நாற்றுப் பருவத்திலேயே தேவையான செடிகளைப் பொறுக்கலாம். இம்முறையில் அரியானாவின் எச்.எச்.பி. 67 ஒட்டு மேம்படுத்தப்பட்டு 2005இல் வெளியிடப்பட்டது.

எனினும் எந்த எதிர்ப்பும் நிலையானதன்று. பூசணமும் மாறுகிறது. ஓர் ஊரில் தாங்கும் ரகம் வேறோர் ஊரில் தாங்காமல் போகலாம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* ஊர் முழுவதும் ஒரே ஒட்டு ரகத்தை ஆண்டுதோறும் விதைக்காதீர்கள். நோய் எதிர்ப்புள்ள ரகங்களை மாற்றி மாற்றி விதையுங்கள்.
* ஒரு கிலோ விதைக்கு 35 சத மெட்டலாக்சில் மருந்து 6 கிராம் வீதம் கலந்து விதையுங்கள்.
* நோயுற்ற செடிகளை 45 நாட்களுக்குள் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். வயலிலேயே போட்டு வைக்காதீர்கள்.
* கம்புக்குப் பின் கம்பு விதைக்காமல் உளுந்து, பாசிப்பயறு, பருத்தி என மாற்றிப் பயிரிடுங்கள்.
* இதுவரை நோயைத் தாங்கிய ரகத்தில் பச்சைக்கதிர் கண்டால், அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செடியுடன் சென்று தெரிவியுங்கள். பூசணம் மாறிவிட்டது என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

நோய் கண்ட வயலில் ஒரு நாட்டுக் கம்பு மட்டும் பசுமையாக நின்றால், அதன் கதிரைத் தனியே எடுத்து வையுங்கள். நாளைய ரகத்துக்கு வேண்டிய மரபணு அதில் இருக்கக்கூடும்.